சிடிஎன் அமைப்பது எப்படி: கோப்பின் பெயரில் தொடங்கி டிஎன்எஸ் வரை

"லோகோவை நேற்றே மாற்றிவிட்டோமே, ஏன் இன்னும் பழையதே வருகிறது?" சிடிஎன் (தளத்தின் கோப்புப் பிரதிகளை வாசகருக்குப் பக்கத்தில் உள்ள சர்வர்களில் வைத்துக் கொடுக்கும் சேவை) போட்ட தளம் எதையாவது பராமரித்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். கேட்பவர் கம்ப்யூட்டரில் பழையது, நம் கம்ப்யூட்டரில் புதியது, மூன்றாவது ஆளின் போனில் பாதிப் பக்கம் புதிது, பாதி பழையது. சேவையின் திரையில், எடுத்து வைத்த பிரதிகளை அழிக்கும் 'பர்ஜ்' பட்டனை நாலு தடவை அழுத்திப் பார்த்தாலும் அந்தக் கம்ப்யூட்டர் அசையாது.

சிடிஎன் சேவையில் கணக்குத் தொடங்கி, டொமைனைக் கொடுத்து, டிஎன்எஸ்ஸை (டொமைன் பெயர் எந்தச் சர்வரைக் காட்டுகிறது என்ற பதிவை) மாற்றுவது கால் மணி நேர வேலை. எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று அவர்களே காட்டிவிடுவார்கள். கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. எந்தக் கோப்பை எத்தனை காலம் நினைவில் (கேஷில்) வைக்கலாம், அதே பிரதியை யார் யாருக்குக் கொடுக்கலாம் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியில் கணக்குத் தொடங்குவது நான்காவது படியாகத்தான் வருகிறது.

ஹெடர்களையும் (கோரிக்கையோடும் பதிலோடும் போகும் குறிப்பு வரிகள்) கட்டளைகளையும் இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

## முதலில், தூரக் கணக்கு

கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் போகும். சர்வர் 10,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போக 50 மில்லிவிநாடி, வர 50. ஆக ஒரு சுற்றுக்கு 100 மில்லிவிநாடி. இது இயற்பியல் வைத்த வரம்பு. எவ்வளவு விலை உயர்ந்த சர்வர் வாங்கினாலும் இதற்குக் கீழே இறங்காது. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நிஜத்தில் இன்னும் கூடும்.

ஒரு சுற்றோடு விஷயம் முடிவதும் இல்லை. சர்வரோடு டிசிபி இணைப்புப் போட ஒரு சுற்று, அதைப் பூட்டிப் பாதுகாக்கும் டிஎல்எஸ் 1.3 கைகுலுக்கலுக்கு ஒன்று, கோப்பைக் கேட்டு வாங்க ஒன்று. முதல் பைட் வந்து சேர்வதற்குள் 300 மில்லிவிநாடி போய்விட்டது. பழைய டிஎல்எஸ் 1.2 என்றால் 400. அதே கோப்பு 500 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள எட்ஜ் சர்வரில் (வாசகருக்குப் பக்கத்தில் சிடிஎன் வைத்திருக்கும் சர்வரில்) இருந்தால் ஒரு சுற்று 5 மில்லிவிநாடி, மூன்று சுற்றும் சேர்ந்து 15. சிடிஎன் என்ற தொழிலே இந்த வித்தியாசத்தில்தான் பிழைக்கிறது. எம்ஐடியில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து 1998-ல் அகமாய் நிறுவனம் பிறந்தது. அமேசானின் கிளவுட்ஃப்ரன்ட் 2008-ல் வந்தது, கிளவுட்ஃபிளேர் 2010-ல் வந்தது. ஆள் மாறினாலும் கணக்கு அதேதான்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. உங்கள் வாசகர்கள் எல்லோரும் சர்வருக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள், பக்கம் மெதுவாக வருவதற்குக் காரணம் டேட்டாபேஸ் கேள்வி ஒன்று இரண்டு விநாடி எடுப்பது என்றால், சிடிஎன் போட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. முதலில் அந்தக் கேள்வியைச் சரிசெய்யுங்கள்.

## படி 1: கோப்புகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள்

பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து நெட்வொர்க் பகுதியை வைத்துக்கொண்டு, உங்கள் தளத்தின் நாலைந்து பக்கங்களைத் திறந்து பாருங்கள். வரும் ஒவ்வொரு கோப்பையும் மூன்றில் ஒன்றில் போடுங்கள்.

முதல் குவியல், ஒருமுறை வெளியிட்டால் உள்ளடக்கம் மாறாதவை: சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், எழுத்துரு, லோகோ, கட்டுரைப் படங்கள். "லோகோ மாறுமே" என்பீர்கள். அடுத்த படியில் அதற்கு வழி இருக்கிறது.

இரண்டாவது, எல்லோருக்கும் ஒன்றேதான், ஆனால் அவ்வப்போது மாறும்: முகப்புப் பக்கத்தின் எச்டிஎம்எல், கட்டுரைப் பக்கங்கள், ஆர்எஸ்எஸ், தளவரைபடம்.

மூன்றாவது, ஆளுக்கு ஆள் மாறுபவை: லாகின் செய்த பிறகு வரும் பக்கங்கள், கூடை, கணக்கு விவரம், பெயர் சொல்லி வரவேற்கும் எதுவும். இந்தக் குவியல் எந்த எட்ஜ் சர்வரிலும் ஒரு நொடிகூடத் தங்கக் கூடாது.

எதை எங்கே போடுவது என்று சந்தேகம் வந்தால் மூன்றாவதில் போடுங்கள். அங்கே தவறாகப் போட்டால் தளம் கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். முதலாவதில் தவறாகப் போட்டால் ஒருவர் கணக்கு இன்னொருவருக்குத் தெரியும்.

## படி 2: பெயரிலேயே பதிப்பு இருக்கட்டும்

தொடக்கத்தில் சொன்ன லோகோவுக்கு வருவோம். பர்ஜ் பட்டன் எட்ஜ் சர்வர்களில் உள்ள பிரதியைத்தான் அழிக்கும். வாசகர் பிரவுசருக்குள் போய்விட்ட பிரதியை அதனால் தொட முடியாது. பிரவுசரோ, காலாவதி எதுவும் சொல்லாத கோப்புக்குத் தானே ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளும். கோப்பு கடைசியாக மாறி எத்தனை நாள் ஆயிற்றோ, அதில் பத்தில் ஒரு பங்குக் காலம் வைத்திருக்கலாம் என்பது எச்டிடிபி தரத்திலேயே உள்ள வழக்கமான ஊகம். 200 நாளாக மாறாத லோகோ என்றால் 20 நாள் வரை பிரவுசர் உங்கள் சர்வர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் இருக்கலாம். பர்ஜுக்கு அந்தக் கம்ப்யூட்டர் அசையாததன் காரணம் இதுதான்.

இதற்குத் தீர்வு, உள்ளடக்கம் மாறினால் பெயரும் மாற வேண்டும் என்பது. 'ஸ்டைல்.சிஎஸ்எஸ்' என்று வைக்காமல் 'ஸ்டைல்.9எஃப்3ஏ1சி.சிஎஸ்எஸ்' என்று வையுங்கள். நடுவில் இருப்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹேஷ். ஒரு காற்புள்ளி மாறினாலும் ஹேஷ் மாறும், பெயர் மாறும், உலகில் எந்தக் கேஷிலும் இல்லாத புதுக் கோப்பாக அது பிறக்கும். எச்டிஎம்எல் புதுப் பெயரைக் குறிப்பிடும். பழைய பெயர் எங்கே எத்தனை காலம் கிடந்தாலும் யாருக்கும் தொந்தரவு இல்லை.

வைட், வெப்பேக் போன்ற பில்டு கருவிகள் இதைத் தாமாகவே செய்யும். கருவி எதுவும் இல்லாமல் கையால் நடத்தும் தளம் என்றால் லோகோ-2, லோகோ-3 என்று நீங்களே பெயர் வைத்தாலும் போதும். அழகில்லைதான், ஆனால் வேலை செய்யும்.

பெயருக்குப் பின்னால் '?வி=2' ஒட்டும் பழக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதை சில சேவைகள் கணக்கில் எடுக்கும், சில எடுக்காது. கிளவுட்ஃப்ரன்டில் நிலைக் கோப்புகளுக்குப் பரிந்துரைக்கப்படும் ஆயத்தக் கொள்கை அதைக் கணக்கில் எடுப்பதில்லை. அங்கே '?வி=3' என்று கேட்டாலும் '?வி=2'-க்கு எடுத்து வைத்த பழைய கோப்பே வரும்.

## படி 3: மூலச் சர்வரில் ஹெடர்கள்

சிடிஎன் திரையில் போய்க் கேஷ் விதிகளை எழுதுவதைவிட மூலச் சர்வரே (உங்கள் தளம் உண்மையில் ஓடும் சர்வர்) சரியான ஹெடரை அனுப்புவது நல்லது. சிடிஎன்னை மாற்றினாலும் விதிகள் உங்களோடேயே வரும், பிரவுசருக்கும் அதே செய்தி போகும். ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு வரி போதும்.

முதல் குவியலுக்கு:

கேஷ்-கன்ட்ரோல்: பப்ளிக், மேக்ஸ்-ஏஜ்=31536000, இம்யூட்டபிள்

31536000 என்பது ஓராண்டின் விநாடிகள். கடைசிச் சொல், வாசகர் ரீலோடு செய்தாலும் "மாறிவிட்டதா?" என்று கேட்க வேண்டாம் என்று பிரவுசருக்குச் சொல்கிறது. பெயரில் ஹேஷ் இல்லாத கோப்புக்கு இந்த வரியைப் போட்டுவிடாதீர்கள். போட்டால் ஓராண்டுக்குத் திருத்த வழியில்லை.

இரண்டாவது குவியலுக்கு:

கேஷ்-கன்ட்ரோல்: பப்ளிக், மேக்ஸ்-ஏஜ்=0, எஸ்-மேக்ஸ்ஏஜ்=300, ஸ்டேல்-வைல்-ரீவேலிடேட்=60

'மேக்ஸ்-ஏஜ்' எல்லோருக்கும். 'எஸ்-மேக்ஸ்ஏஜ்' சிடிஎன் போன்ற பொதுக் கேஷ்களுக்கு மட்டும், அங்கே முதலாவதை அது மீறும். ஆக பிரவுசர் ஒவ்வொரு முறையும் எட்ஜிடம் கேட்கும், எட்ஜ் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் உங்களிடம் வரும். அவசரத் திருத்தம் வந்தால் இந்தப் பக்கங்களைப் பர்ஜ் செய்யலாம், பிரவுசரில் எதுவும் நெடுநேரம் ஒட்டிக்கொண்டிருக்காது என்பதால் சீக்கிரமே பலிக்கும். கடைசிப் பகுதி, காலம் முடிந்த பிறகும் 60 விநாடி வரை பழையதைக் கொடுத்துக்கொண்டே பின்னணியில் புதியதை எடுத்துவர அனுமதி தருகிறது. எல்லாச் சேவையும் அதை ஒரே மாதிரி மதிப்பதில்லை. இருந்தாலும் போட்டு வைப்பதில் நஷ்டமில்லை.

மூன்றாவது குவியலுக்கு:

கேஷ்-கன்ட்ரோல்: பிரைவேட், நோ-ஸ்டோர்

இங்கே பலரும் 'நோ-கேஷ்' என்று எழுதிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். அந்தப் பெயர் ஏமாற்றும். அதன் பொருள் "வைத்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுக் கொடு" என்பதுதான். வைக்கவே கூடாது என்பதற்குச் சொல் 'நோ-ஸ்டோர்'.

என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். 'ஆட்_ஹெடர்' என்ற கட்டளை, உள் பிளாக்கில் ஒன்று எழுதினால் வெளி பிளாக்கில் எழுதியவை எல்லாம் அங்கே செல்லாமல் போகும். கேஷ் ஹெடரைச் சேர்த்த அன்றே பாதுகாப்பு ஹெடர்கள் காணாமல் போவது இதனால்தான். அடுத்தது, அதே கட்டளையின் கடைசியில் 'ஆல்வேஸ்' என்று சேர்க்கலாம். கேஷ் ஹெடருக்குச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் 404 பதிலுக்கும் ஓராண்டு ஆயுள் போய்விடும். சேர்க்காவிட்டால் நல்ல பதிலுக்கு மட்டும் போகும்.

## படி 4: எந்த வழி, எந்தச் சேவை

முழுத் தளத்தையும் சிடிஎன் முன்னால் நிறுத்துவது ஒரு வழி. வாசகரின் எல்லாக் கோரிக்கையும் எட்ஜ் வழியாகவே வரும். கோப்புகளை மட்டும் 'ஸ்டேட்டிக்.எக்ஸாம்பிள்.காம்' மாதிரி ஒரு துணை டொமைனுக்கு மாற்றி அதற்கு மட்டும் சிடிஎன் வைப்பது இன்னொரு வழி.

இரண்டாவதில் ஆபத்து குறைவு. லாகின், கூடை எதுவும் சிடிஎன் பக்கமே போகாது என்பதால் தவறு செய்தாலும் ஒரு படம் வராமல் போகும், அவ்வளவே. குறை என்னவென்றால், பிரவுசர் அந்தத் துணை டொமைனுக்குத் தனியாக டிஎன்எஸ் தேடி, தனியாக இணைப்புப் போட வேண்டும். எச்டிஎம்எல் தூரத்திலிருந்தே வரும். முதல் வழியில் எல்லாம் ஒரே இணைப்பில் வரும், எட்ஜில் சேராத பக்கத்துக்குக்கூடக் கைகுலுக்கல் பக்கத்திலேயே முடிந்துவிடும். இயங்கிக்கொண்டிருக்கும் பழைய தளத்தைக் கையில் எடுக்கும்போது நான் துணை டொமைனில் தொடங்கி, ஒரு மாதம் போன பிறகு முழுத் தளத்துக்கு வருவேன். புதுத் தளம் என்றால் நேராக முதல் வழி.

'புல்', 'புஷ்' என்று இரண்டு வகையும் உண்டு. புல் என்றால் யாராவது கேட்கும்போது எட்ஜ் வந்து மூலச் சர்வரிலிருந்து எடுத்துக்கொள்ளும். புஷ் என்றால் நீங்களே முன்கூட்டி ஏற்றி வைக்க வேண்டும். பெரிய வீடியோ, மென்பொருள் இறக்கக் கோப்புகள் போன்றவற்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் புல் போதும்.

சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது உலகில் எத்தனை இடத்தில் சர்வர் இருக்கிறது என்ற எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்கள் வாசகர்கள் இருக்கும் பகுதியில் இருக்கிறதா, ஜிபிக்குக் காசா மாதக் கட்டணமா, பர்ஜ் எத்தனை விநாடியில் நடக்கிறது, லாக் கிடைக்குமா என்று கேளுங்கள். ஜிபி கணக்கில் வாங்கினால் செலவு எச்சரிக்கையை முதல் நாளே வைத்துவிடுங்கள். யாரோ ஒருவர் உங்கள் பெரிய படத்தைத் தன் தளத்தில் நேரடியாக ஒட்டிக்கொண்டால் பில் உங்களுக்குத்தான் வரும்.

## படி 5: சான்றிதழும் டிஎன்எஸ்ஸும்

மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே, சம்பந்தப்பட்ட டிஎன்எஸ் பதிவின் டிடிஎல்லை (அந்தப் பதிவை மற்றவர்கள் நினைவில் வைக்கும் காலத்தை) 300 விநாடியாகக் குறையுங்கள். ஏதாவது தவறினால் ஐந்து நிமிடத்தில் பழைய இடத்துக்குத் திரும்பிவிடலாம். இதைச் செய்யாமல் மாற்றிவிட்டு, பழைய டிடிஎல் 86400 விநாடி, அதாவது ஒரு நாள், என்று பிறகு பார்த்துத் தலையில் கை வைத்தவர்களில் நானும் ஒருவன்.

துணை டொமைனுக்கு ஒரு சிநேம் பதிவு (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பிவிடும் டிஎன்எஸ் பதிவு) போதும், சேவை தரும் பெயரை அதில் போட்டுவிடலாம். 'டபிள்யூடபிள்யூடபிள்யூ' இல்லாத வெறும் டொமைனில் சிநேம் வைக்க டிஎன்எஸ் விதி இடம் தராது, ஏனென்றால் அங்கே ஏற்கனவே என்எஸ், எஸ்ஓஏ என்ற கட்டாயப் பதிவுகள் இருக்கும். உங்கள் டிஎன்எஸ் சேவை ஏலியஸ், ஏநேம், சிநேம் ஃபிளாட்டனிங் என்று ஏதாவது ஒரு பெயரில் மாற்று வழி கொடுக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் டிஎன்எஸ்ஸையே மாற்ற வேண்டிவரும்.

எச்டிடிபிஎஸ் சான்றிதழ் இரண்டு இடத்தில் வேண்டும்: வாசகருக்கும் எட்ஜுக்கும் இடையே ஒன்று, எட்ஜுக்கும் மூலச் சர்வருக்கும் இடையே ஒன்று. முதலாவதைப் பெரும்பாலான சேவைகள் இலவசமாகவே எடுத்துத் தருகின்றன. கிளவுட்ஃப்ரன்டில் மட்டும் அந்தச் சான்றிதழ் வட வர்ஜீனியா பிராந்தியத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். வேறு பிராந்தியத்தில் எடுத்துவிட்டு, பட்டியலில் ஏன் வரவில்லை என்று அரை நாள் தேடாதீர்கள்.

இரண்டாவதில்தான் புகழ்பெற்ற சுழல் வருகிறது. கிளவுட்ஃபிளேரில் 'ஃபிளெக்சிபிள்' என்ற அமைப்பு இருக்கிறது. எட்ஜ் வரை எச்டிடிபிஎஸ், அங்கிருந்து உங்கள் சர்வருக்கு வெறும் எச்டிடிபி. உங்கள் சர்வரோ எச்டிடிபியில் வருவோரையெல்லாம் எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பிவிடும். எட்ஜ் அந்தத் திருப்பலை வாசகருக்குக் கொடுக்கும், வாசகர் எச்டிடிபிஎஸ்ஸில் வருவார், எட்ஜ் மறுபடி எச்டிடிபியில் போகும். "அளவுக்கு மீறிய திருப்பல்கள்" என்று பிரவுசர் கைவிட்டுவிடும். மூலச் சர்வரில், இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் ஒன்றைப் போட்டு, அமைப்பை 'ஃபுல் ஸ்ட்ரிக்ட்' என்று மாற்றினால் சுழலும் போகும், நடுவழியில் தகவல் திறந்து கிடப்பதும் போகும்.

## படி 6: கேஷ் கீ, கொஞ்சம் நின்று நிதானமாக

எட்ஜ் ஒவ்வொரு பிரதியையும் ஒரு சாவியின் (கேஷ் கீ) கீழ் வைக்கிறது. அடுத்தவர் கேட்கும்போது அவர் கோரிக்கையிலிருந்து அதே சாவி வந்தால் அதே பிரதியைக் கொடுக்கும். சாவியில் எதையெல்லாம் சேர்ப்பது என்பதில் இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கிறது.

அளவுக்கு அதிகமாகச் சேர்த்தால் கேஷ் இருந்தும் இல்லாத மாதிரி. விளம்பர இணைப்பில் ஒட்டிவரும் 'யுடிஎம்' அளவுருக்கள் சாவியில் இருந்தால் ஒரே பக்கம் நூறு பிரதியாகும். குக்கியைச் சேர்த்தால் ஆளுக்கொரு பிரதி. பிரவுசருக்கு ஏற்பப் பதில் மாறும் என்று சொல்லும் 'வேரி: யூசர்-ஏஜென்ட்' ஹெடரைச் சர்வர் அனுப்பினால் பிரவுசரின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு பிரதி. நிலைக் கோப்புகளுக்குக் குக்கியையும் அளவுருவையும் சாவியிலிருந்து எடுத்துவிடுங்கள். சுருக்கும் முறைக்கு ஏற்பப் பிரிக்கும் 'வேரி: அக்செப்ட்-என்கோடிங்' ஒன்று போதும்.

குறைவாகச் சேர்த்தால் ஆபத்து. 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் விளையாட்டுத் தளத்தில் நடந்தது இதற்குப் பாடம். தாக்குதல் ஒன்றைச் சமாளிக்கக் கேஷ் அமைப்பை அவசரமாக மாற்றினார்கள். லாகின் செய்தவர்களின் பக்கங்கள் கேஷில் தங்கி வேறு ஆட்களுக்குப் போயின. ஏறக்குறைய 34,000 பேரின் விவரம் மற்றவர் கண்ணில் பட்டிருக்கலாம் என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே அறிவித்தது.

பதிலில் 'செட்-குக்கி' இருந்தால் கேஷ் தானாகவே விலகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எச்டிடிபி தரத்தில் அப்படி ஒரு தடை இல்லை. சில சேவைகள் தாங்களாகவே விலகும், சில விலகாது. 'நோ-ஸ்டோர்' ஒன்றுதான் நம்பத் தகுந்தது. "எல்லாவற்றையும் கேஷ் செய்" என்ற ஒற்றை விதியை முழுத் தளத்துக்கும் போட ஒருபோதும் கை நீட்டாதீர்கள்.

கோப்பின் கடைசி எழுத்துகளைப் பார்த்துக் கேஷ் செய்யும் விதியிலும் ஒரு ஓட்டை உண்டு. '/கணக்கு/ஏதோ.சிஎஸ்எஸ்' என்று ஒருவர் கேட்கிறார், உங்கள் செயலி பின்பகுதியைக் கண்டுகொள்ளாமல் கணக்குப் பக்கத்தையே கொடுக்கிறது என்று வையுங்கள். எட்ஜ் அதை சிஎஸ்எஸ் என்று நம்பி வைத்துக்கொள்ளும். 2017-ல் இது 'வெப் கேஷ் டிசெப்ஷன்' என்ற பெயரில் வெளிச்சத்துக்கு வந்தது. இல்லாத பாதைக்கு 404 கொடுக்கும்படி செயலியைத் திருத்துவதுதான் வழி.

## படி 7: எழுத்துருவும் சுருக்கமும்

துணை டொமைனுக்கு மாறிய மறுநாள் தளத்தின் எழுத்துரு மாறிவிட்டது, ஐகான்கள் எல்லாம் வெற்றுச் சதுரம் என்று புகார் வரும். வேறு டொமைனிலிருந்து வரும் எழுத்துருவுக்குப் பிரவுசர், கார்ஸ் எனப்படும் அனுமதியை அந்தச் சர்வரிடம் கேட்கும். படத்துக்குக் கேட்காது, அதனால்தான் சோதனையில் தெரியாமல் போகிறது. 'அக்சஸ்-கன்ட்ரோல்-அலோ-ஆரிஜின்: *' என்ற ஹெடரை எழுத்துருக் கோப்புகளுக்கு எப்போதும் அனுப்புங்கள். கேட்டால் மட்டும் அனுப்பும்படி வைத்தால், கேட்காத ஒருவருக்கு ஹெடர் இல்லாமல் போன பிரதி எட்ஜில் தங்கி, அடுத்து வருபவர்களுக்கெல்லாம் அதுவே போகும்.

கோப்புகளைச் சுருக்கி அனுப்புவதில் என்ஜின்எக்ஸ் வைக்கும் பொறி ஒன்று. கோரிக்கையில் 'வயா' என்ற ஹெடர் இருந்தால், இது ஏதோ புராக்ஸி வழியாக வருகிறது என்று நினைத்து என்ஜின்எக்ஸ் ஜிஜிப் முறையில் சுருக்காது. சிடிஎன்கள் பலவும் அந்த ஹெடரை அனுப்பும். நேராகச் சோதித்தால் சுருக்கம் இருக்கும், சிடிஎன் வழியாகப் போனால் இருக்காது. 'ஜிஜிப்_பிராக்சிட் எனி' என்ற ஒரு வரியில் சரியாகிவிடும். அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு மாலை ஆனது. எட்ஜே பிராட்லி என்ற இன்னொரு முறையில் சுருக்கித் தரும் சேவை என்றால் இந்தக் கவலை இல்லை. படத்தையும் வீடியோவையும் மறுபடி சுருக்க வேண்டாம், அவை ஏற்கனவே சுருங்கியவைதான்.

## படி 8: மாற்றும் முன் சோதனை

டிஎன்எஸ்ஸை மாற்றாமலேயே சிடிஎன்னைச் சோதிக்கலாம். சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் 'கர்ல்' கட்டளையில் '--ரிசால்வ்' விருப்பத்தைப் போட்டு, டொமைன், 443, எட்ஜ் சர்வரின் ஐபி மூன்றையும் கொடுத்தால் உங்கள் டொமைன் பெயரிலேயே எட்ஜிடம் போய்க் கேட்கும். ஒரே கோப்பை இரண்டு தடவை கேளுங்கள். இரண்டாவது தடவை இப்படி வர வேண்டும்:

எச்டிடிபி/2 200
கன்டென்ட்-டைப்: டெக்ஸ்ட்/சிஎஸ்எஸ்
கன்டென்ட்-என்கோடிங்: பிஆர்
கேஷ்-கன்ட்ரோல்: பப்ளிக், மேக்ஸ்-ஏஜ்=31536000, இம்யூட்டபிள்
ஏஜ்: 14
சிஎஃப்-கேஷ்-ஸ்டேட்டஸ்: ஹிட்

'பிஆர்' என்றால் பிராட்லி சுருக்கம் நடக்கிறது. கோரிக்கையில் அக்செப்ட்-என்கோடிங் ஹெடரைச் சேர்த்தால்தான் இந்த வரி வரும். 'ஏஜ்: 14' என்பது இந்தப் பிரதி 14 விநாடியாகக் கேஷில் இருக்கிறது என்று சொல்கிறது. கடைசி வரி கிளவுட்ஃபிளேருடையது. கிளவுட்ஃப்ரன்டில் 'எக்ஸ்-கேஷ்' என்று வரும், மற்றவற்றில் வேறு பெயர். 'மிஸ்' என்று வந்தால் மறுபடி கேளுங்கள். எப்போதும் மிஸ்ஸே வந்தால் படி 6-க்குத் திரும்புங்கள். 'டைனமிக்' என்று வந்தால் அதைக் கேஷ் செய்யத் தகுந்ததாகவே கிளவுட்ஃபிளேர் கருதவில்லை என்று பொருள். எச்டிஎம்எல்லை அது இயல்பாகக் கேஷ் செய்யாது.

பிறகு மூன்றாவது குவியலைச் சோதியுங்கள். இரண்டு பிரவுசரில் இரண்டு கணக்காக லாகின் செய்து, ஒரே முகவரியை மாறி மாறித் திறந்து பாருங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் நான் எந்தத் தளத்தையும் மாற்றுவதில்லை.

## படி 9: வெளியிடும் வரிசை

புதுப் பதிப்பை ஏற்றும்போது முதலில் சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், படங்கள். அவை எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு எச்டிஎம்எல். வரிசை மாறினால், புது எச்டிஎம்எல்லைப் பெற்ற வாசகர் இன்னும் ஏறாத கோப்பைக் கேட்பார், 404 வரும், அந்த 404-ஐயும் எட்ஜ் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும்.

பழைய கோப்புகளை உடனே அழிக்கவும் கூடாது. எட்ஜில் ஐந்து நிமிடம் பழைய எச்டிஎம்எல் இருக்கும், திறந்த தாவலை நாள் கணக்கில் மூடாத வாசகர்களும் இருப்பார்கள். அவர்கள் கேட்பது பழைய பெயரைத்தான். நான் கடைசி மூன்று பதிப்புகளின் கோப்புகளை விட்டு வைப்பேன். இடம் ஒன்றும் பெரிதாகப் பிடிக்காது.

இந்த முறையில் போனால் பர்ஜ் எச்டிஎம்எல்லுக்கு மட்டும்தான் தேவைப்படும். முழுத் தளத்தையும் பர்ஜ் செய்தால் எல்லா எட்ஜ் சர்வரும் ஒரே நேரத்தில் உங்கள் சர்வரிடம் ஓடிவரும். கூட்ட நேரத்தில் அதைச் செய்வது தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்வது. உலகம் முழுக்கச் சிதறிய வாசகர்கள் என்றால், எட்ஜுகளுக்கும் மூலச் சர்வருக்கும் நடுவே ஒரு பொதுக் கேஷை வைக்கும் 'ஆரிஜின் ஷீல்டு' வசதியைப் போட்டுவிடுங்கள். ஓடிவருவது ஒரே ஓர் இடத்திலிருந்துதான் வரும்.

## படி 10: பின்கதவை மூடுங்கள்

முழுத் தளமும் சிடிஎன் வழியாகப் போன பிறகும் மூலச் சர்வரின் ஐபி திறந்தே கிடந்தால், தாக்குபவர் எட்ஜைச் சுற்றிக்கொண்டு நேராக வருவார். பழைய டிஎன்எஸ் பதிவுகளைச் சேகரித்து வைக்கும் சேவைகள் இருக்கின்றன, அங்கே உங்கள் ஐபி கிடைத்துவிடும். ஃபயர்வாலில் சிடிஎன் வெளியிடும் ஐபி வரம்புகளுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். கோப்புகள் அமேசானின் எஸ்3 சேமிப்புப் பக்கெட்டில் இருந்தால், பக்கெட்டின் பொது அனுமதியை நீக்கிவிட்டு 'ஆரிஜின் அக்சஸ் கன்ட்ரோல்' வழியாகக் கிளவுட்ஃப்ரன்டுக்கு மட்டும் திறந்து வையுங்கள். ஃபயர்வாலை இறுக்கிய பிறகும் சான்றிதழ் புதுப்பிப்பு நடக்கிறதா என்று ஒருமுறை கையால் ஓட்டிப் பாருங்கள். மூன்று மாதம் கழித்து நள்ளிரவில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை இது.

லாகிலும் ஒரு மாற்றம் வரும். வாசகர் ஐபிக்குப் பதிலாக எட்ஜ் ஐபிகளே வரிசையாக நிற்கும். ஒரே ஐபியிலிருந்து கோரிக்கை குவிகிறதே என்று உங்கள் தடுப்புக் கருவி சிடிஎன்னையே தடுத்துவிடவும் கூடும். வாசகரின் உண்மையான ஐபியைச் சிடிஎன் ஒரு ஹெடரில் அனுப்பும். என்ஜின்எக்ஸின் ரியல்-ஐபி பகுதியில் அதைச் சொல்லிவிடலாம். சிடிஎன் ஐபிகளிலிருந்து வந்தால் மட்டும் அந்த ஹெடரை நம்பும்படி வையுங்கள், இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் பொய் ஐபி எழுதி அனுப்பலாம்.

## பொதுச் சிடிஎன்களிலிருந்து நூலகம் எடுப்பது பற்றி

ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைப் பொதுச் சிடிஎன் ஒன்றிலிருந்து எடுத்தால், வேறு தளத்தில் ஏற்கனவே இறங்கிய பிரதி பிரவுசரில் இருக்கும், நமக்கு இலவசம் என்று ஒரு வாதம் இன்னும் உலவுகிறது. அது பழங்கதை. குரோம் 86 வந்த 2020 முதலும், ஃபயர்ஃபாக்ஸ் 85 வந்த 2021 முதலும் ஒவ்வொரு தளத்துக்கும் கேஷ் தனித்தனி. சஃபாரி அதற்கும் முன்பே பிரித்துவிட்டது. மிச்சமிருப்பது கூடுதல் இணைப்பின் தாமதமும் அடுத்தவரை நம்பும் ஆபத்தும்தான். பழைய பிரவுசர்களுக்கு உதவும் நிரலைத் தந்த பாலிஃபில்.ஐஓ டொமைன் 2024 தொடக்கத்தில் கைமாறி, அந்த ஜூனில் அதன் வழியாகத் தீங்கு நிரல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களுக்குப் போனது. நூலகத்தை இறக்கி உங்கள் முதல் குவியலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து எடுத்தே ஆக வேண்டும் என்றால் 'இன்டெக்ரிட்டி' பண்பில் கோப்பின் ஹேஷைக் கொடுங்கள், ஒரு எழுத்து மாறினாலும் பிரவுசர் ஓட்டாது. கேட்கும் பிரவுசருக்கு ஏற்ப வேறு வேறு நிரல் தரும் சேவைக்கு இது பொருந்தாது. பாலிஃபில் அந்த வகைதான்.

## சிடிஎன்னே விழுந்தால்

விழும். 2021 ஜூன் 8 அன்று ஃபாஸ்ட்லி என்ற சிடிஎன்னில் ஒரு வாடிக்கையாளர் செய்த முறையான அமைப்பு மாற்றம், உள்ளே மறைந்திருந்த பிழையைத் தூண்டிவிட்டது. அவர்களுடைய வலையமைப்பில் 85 சதவீதம் பிழை காட்டியது. 49 நிமிடத்தில் பெரும்பகுதியை மீட்டார்கள், ஆனால் அதற்குள் உலகின் பெரிய செய்தித் தளங்கள் பல இருண்டுபோயின.

சிறு தளத்துக்கு இரண்டு சிடிஎன் வைப்பது கட்டுப்படியாகாது. மூலச் சர்வருக்கு நேராகத் திரும்பும் வழியை மட்டும் தயாராக வையுங்கள். எந்த டிஎன்எஸ் பதிவை எதற்கு மாற்ற வேண்டும், ஃபயர்வாலில் எந்த விதியைத் தளர்த்த வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு, ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு நேரத்தில் ஒருமுறை செய்து பாருங்கள். டிஎன்எஸ் நிர்வாகமும் அதே சிடிஎன்காரரிடமே இருந்தால், அவர்கள் திரை திறக்காத அன்று அந்தப் பதிவை மாற்றவும் முடியாது. அப்படியானால் டொமைன் பதிவாளரின் கடவுச்சொல்லும், வேறொரு டிஎன்எஸ் சேவையில் ஏற்றத் தயாராக உள்ள பதிவுகளின் பிரதியும் அந்தத் தாளோடு இருக்க வேண்டும்.